ரோட்டோரச் செடி

ஜூன் 9

தண்டு எழும்பிவிட்டது.

காலையில் பல் தேய்த்துக்கொண்டே பின்பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். போன வருஷம் முழுக்கத் தரையோடு தரையாகப் படுத்துக்கிடந்த இலைகளுக்கு நடுவில் சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு முளை. எல்லாச் செடியிலும் இல்லை. சுவரோரம் நிற்பவற்றில் மட்டும். மற்றதும் வரும். வந்தாக வேண்டும்.

இன்றிலிருந்து எழுதி வைப்பதாக முடிவு. பார்த்ததைப் பார்த்த அன்றைக்கே எழுது என்று வகுப்பில் தொண்டை கிழியக் கத்தியவள் நான். இப்போது எனக்கு நானே கத்திக்கொள்ள வேண்டியதுதான். மூத்தவளின் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய பேராசிரியர் சாலமன் நாளைக்கு இதைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம். அதனால் முதலிலிருந்து.

இரண்டுமே முள்ளுச்செடி. இங்கிலீஷில் திஸில் என்பார்கள். ஒன்று, கோத்தகிரி ரோட்டோரம், தேயிலைக்காட்டு ஓரம், குப்பைமேடு என்று திரும்பின பக்கமெல்லாம் நிற்பது. மாடுகூட வாய் வைக்காது. இன்னொன்று நித்திலா கண்டுபிடித்தது. என் மூத்த மகள். அந்தச் செடி ஒரே ஒரு மலைச்சரிவில்தான் இருந்தது. அந்தச் சரிவை இப்போது ஒரு ரிசார்ட்காரன் வெட்டிச் சமப்படுத்தி நீச்சல்குளம் கட்டியிருக்கிறான். மலை ஏறி வந்து குளிக்க இவர்களுக்கு ஒரு குளம்.

நல்லவேளை, அவள் அதற்கு முன்பே விதை எடுத்து வந்து நம் வீட்டுப் பின்பக்கம் விதைத்தாள். ஆக, உலகத்தில் இருப்பதாக எங்களுக்குத் தெரிந்தது இந்தப் பாத்தியில் நிற்பதுதான். ஆயுசு இரண்டு வருஷம். முதல் வருஷம் இலை, அடுத்த வருஷம் தண்டு, பூ, விதை. விதை முற்றியதும் செடி காய்ந்துவிடும். இந்த வருஷம் விதை பிடித்தால் உண்டு. இல்லாவிட்டால் இல்லை.

போன வருஷம் மாசியில் விதைத்தாள். முளை வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

சின்னவள் வந்து கேஸ் மாற்றிக் கொடுத்தாள். இட்லி மாவு கொண்டுவந்திருந்தாள், உப்பு அதிகம்.

ஜூன் 17

ஒப்பீடு இன்று தொடங்கியது. கேட்டுக்கு வெளியே நிற்பதிலிருந்து ரோட்டோரச் செடியின் இலை ஒன்று, நித்திலாவின் செடியிலிருந்து இலை ஒன்று. சாப்பாட்டு மேஜையில் பேப்பர் விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

மேலாகப் பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். திருப்பிப் பார்க்க வேண்டும். நித்திலாவின் இலைக்கு அடிப்பக்கம் வெள்ளை வெளேரென்று மெத்தென்ற ரோமம். ரோட்டோரத்துக்கு வெறும் பச்சை, அங்கங்கே நாலு முடி. முள்ளும் வேறு. நித்திலாவினுடையது மெல்லிசு, மஞ்சள். மற்றது தடித்த முரட்டு முள். குத்தினால் முனை உடைந்து உள்ளேயே நின்றுவிடும்.

முன்ரூமில் தையல் மெஷின் சத்தம் நின்றது. சின்னவள் நூலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணாட்டத்தானே இருக்குது?"

திருப்பிக் காட்டினேன்.

"அட ஆமா. அக்காவுது பஞ்சு கணக்கா இருக்கு." தடவிப் பார்த்துக்கொண்டே நின்றாள். தடவினால் ரோமம் உதிரும். வேலை இல்லையா என்று கேட்டேன். போய்விட்டாள்.

அவள் வீட்டில் மெஷின் போட இடமில்லை என்று நம் முன்ரூமை எடுத்துக்கொண்டிருக்கிறாள். அதிலிருந்து இந்த வீடு சந்தை. ஜாக்கெட் அளவு கொடுக்க வருகிறவர்கள், பாவாடைக்கு நாடா கோக்க வருகிறவர்கள், வேலையே இல்லாமல் வருகிறவர்கள். வந்தவர்கள் அப்படியே பின்பக்கமும் வந்து "டீச்சரம்மா, சௌக்கியமா? இதானா அந்தச் செடி?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். ஒவ்வொருத்திக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. வாய் வலிக்கிறது.

ஜூன் 30

மழை. பாத்தியில் தண்ணீர் தேங்காமல் சின்னவள் மண்வெட்டியால் வாய்க்கால் கீறிவிட்டாள்.

இன்று நித்திலாவின் பிறந்தநாள். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் அவளோடு கடைசிவரை இருந்தது சின்னவள்தான். எனக்கு முட்டிவலி, மலை இறங்க முடியவில்லை, சாதாரணக் காய்ச்சல் என்றுதானே சொன்னார்கள். இன்றைக்கு மறுபடியும் கேட்டேன், கடைசியாக என்ன சொன்னாள் என்று.

"தண்ணி கேட்டாம்மா. குடுத்தேன். அப்புறம் தூங்குனா."

வேறு ஏதாவது சொல்லியிருப்பாள். செடியைப் பற்றியோ என்னைப் பற்றியோ. இவளுக்குக் கவனித்து வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. எதைத்தான் கவனித்தாள், படிக்கும்போது கவனித்தாளா.

பாயசம் வைத்திருந்தாள். அக்காவுக்குப் பிடிக்கும் என்று சேமியாவை நெய்யில் சிவக்க வறுத்து. நான் சாப்பிடவில்லை.

ஜூலை 21

ரோட்டோரச் செடிகள் பூத்துவிட்டன. கேட்டுக்கு வெளியே ஒரு கும்பல், பின்பக்கக் காலிமனை முழுக்க ஒரு கும்பல். வெளிறிப்போன ஊதா. தலையைத் தூக்கிக்கொண்டு எல்லாரையும் வா வா என்று கூப்பிடுகிற மாதிரி நிற்கின்றன. தேனீயும் வண்டும் அதில்தான் மொய்க்கின்றன. சந்தில் நடந்தால் ரீங்காரம் காதை அடைக்கிறது. வெட்கமில்லாத பூ.

நம்முடையதில் மொட்டு கட்டியிருக்கிறது. மொட்டே தலை கவிழ்ந்துதான் இருக்கிறது. அடக்கம்.

ஆகஸ்ட் 4

முதல் பூ.

சுவரோரத்துப் பெரிய செடியில் இரண்டு பூந்தலை மலர்ந்தது. நல்ல ஆழ்ந்த கருஞ்சிவப்பு. தரையைப் பார்த்துத் தொங்குகிறது. குனிந்து, கழுத்தைத் திருப்பித்தான் முகம் பார்க்க வேண்டும். நித்திலாவும் சின்னவயதில் அப்படித்தான், யாராவது வந்தால் தலையைக் குனிந்துகொள்வாள்.

குறிப்பு: ரோட்டோரச் செடியில் மேய்ந்து சலித்துப்போன தேனீக்கள் ஒன்றிரண்டு சுவர் தாண்டி இதையும் எட்டிப் பார்க்கின்றன. நேராக இதற்கென்று எதுவும் வரவில்லை.

சின்னவள் செல்போனில் படம் பிடித்தாள். முன்ரூமில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு பிலோமினா, மொறுமொறு வர்க்கி பிஸ்கட் போட்டு விற்கிறவள், மாவுக்கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். "எங்க நித்திலாப் பொண்ணே வந்து நிக்கிற மாதிரி இருக்கு டீச்சர்" என்றாள். நான் உள்ளே போய்விட்டேன்.

ஆகஸ்ட் 6

முதல் பூக்கள் இரண்டையும் தண்டோடு வெட்டி, பேப்பருக்கு நடுவில் வைத்து, மேலே அகராதி வைத்து அழுத்தியிருக்கிறேன். மாதிரிக்கு ஒன்றாவது என்றைக்கும் கையில் இருக்க வேண்டும். சின்னவள், "செடியிலயே இருந்திருக்கலாமேம்மா" என்றாள். தாவரவியல் இவள் சொல்லி நான் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஆகஸ்ட் 16

சாலமன் போன் செய்தார். நவம்பரில் நேரில் வந்து விதை வாங்கிக்கொள்கிறாராம். பாதியைக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு, மீதியை வேறு மலையில் விதைத்துப் பார்க்கப்போகிறார். கட்டுரையில் நித்திலாவின் பெயர்தான் முதலில் வரும் என்றார். "ஒண்ணே ஒண்ணு, டீச்சர். பக்கத்துல சாதாச் செடி இருந்தா கலப்பு ஆகிடலாம். கொஞ்சம் பார்த்துக்கங்க."

போனை வைத்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அத்தனை நிற்கிறதே. அதன் மகரந்தம் இதில் விழுந்தால் பிறப்பது இதுவுமில்லை, அதுவுமில்லை. அவள் கண்டுபிடித்தது சாக்கடையில் கலந்த மாதிரி ஆகிவிடும்.

ஆகஸ்ட் 18

ரோட்டோரச் செடி எல்லாவற்றையும் பிடுங்கச் சொன்னேன். சந்து, காலிமனை, அந்தப் பக்கம் தண்ணீர்த் தொட்டிவரைக்கும். என்னால் குனிய முடியாதே, சின்னவள்தான் செய்தாள்.

முதலில் தயங்கினாள். "பூத்து நிக்குதேம்மா. கொஞ்சம் வெட்டி விட்டாப் போதாதா?"

"வெட்டினா மறுபடி துளிர்க்கும். வேரோட வரணும்."

"இத்தனை தேனீ சுத்துது, கொட்டுமேன்னு பாக்குறேன்."

"செடி போனா அதுவும் போயிடும்."

சாயங்காலம்வரை ஆனது. கையுறைக்குப் பழைய சாக்கைக் கிழித்துச் சுற்றிக்கொண்டாள். ஒன்றுவிடாமல் பிடுங்கிக் குவித்தாள். அவள் வீட்டுக்காரர் சென்னியப்பன் வந்து மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார். மாப்பிள்ளை மெக்கானிக், இந்த மாதிரி வேலையென்றால் ஒழுங்காகச் செய்வார். சந்து சுத்தமாகிவிட்டது. சத்தமும் நின்றது. நிம்மதி.

ஆகஸ்ட் 21

சின்னவளுக்கு வலதுகை ஆள்காட்டி விரலில் முள் உடைந்து உள்ளே நின்றுவிட்டதாம். சீழ் பிடித்து வீங்கியிருக்கிறது. துணியைப் பிடிக்க முடியவில்லை என்று மெஷினை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். நாலு முள் குத்தியதற்கு இந்தப் பாடு. காடுமேடெல்லாம் அலைந்தவள் நித்திலா, ஒருநாள் ஒரு முகச்சுளிப்பு உண்டா.

ஆகஸ்ட் 29

இன்று எல்லாச் செடியும் பூத்திருக்கிறது. கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. இதைவிட நல்ல வருஷம் இருக்க முடியாது.

செப்டம்பர் 6

எழுத மனமில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

சென்னியப்பனுக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெஷின் பராமரிக்கிற வேலை கிடைத்திருக்கிறது. காலையில் சின்னவள் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே இதைச் சொன்னாள். "நீங்களும் எங்ககூட வந்துருங்கம்மா" என்றாள். செடியை யார் பார்ப்பது என்று கேட்டேன். "அப்ப அவர் முன்னாடி போகட்டும். விதை எடுக்குற வரைக்கும் நான் இங்க இருக்கேன். நவம்பர்தானே."

பேசிக்கொண்டே ஹோஸை இழுத்தாள். அது பெரிய செடியின் தண்டில் மாட்டி, தண்டு மடக்கென்று ஒடிந்தது. பூவோடு. அத்தனை பூவோடு.

எனக்குக் கண் மண் தெரியவில்லை. வாயில் என்னவோ வந்துவிட்டது. என்ன சொன்னேன் என்று எழுத வேண்டிய அவசியம் இல்லை. கோபத்தில் யாருக்குத்தான் வாய் நீளாது.

அவள் ஒடிந்த தண்டைத் தூக்கி நிறுத்தி, ஒரு குச்சி வைத்து, துணிக்கிழிசலால் கட்டிப் பார்த்தாள். நிற்கவில்லை. ஹோஸைச் சுற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போனாள்.

செப்டம்பர் 7

சின்னவள் வரவில்லை.

செப்டம்பர் 10

வந்தாள், வண்டியோடு. மெஷினை ஏற்றினார்கள். மாத்திரையைக் காலை, மாலை என்று இரண்டு டப்பாவில் பிரித்து வைத்தாள். கேஸ்காரர் நம்பரைச் சுவரில் ஒட்டினாள். பேத்தி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதது. இவள் அழவில்லை.

"வர்றேம்மா" என்றாள். "போ, போ. எனக்கு யாரும் வேண்டியதில்லை, நான் பார்த்துக்குவேன்" என்றேன். அவளுக்குத் தைரியம் சொல்வதற்காகத்தான் அப்படிச் சொன்னேன்.

செப்டம்பர் 15

காலையிலிருந்து நாற்காலி போட்டுப் பாத்தியருகில் உட்கார்ந்திருந்தேன். பூவெல்லாம் நன்றாக விரிந்து தொங்குகிறது. தேனீ ஒன்றும் வரவில்லை.

நல்லதுதான். வெளி மகரந்தம் கொண்டுவர ஆளில்லை. நித்திலா மலையில் தள்ளித்தள்ளி நின்ற செடிகளிலிருந்துதான் விதை எடுத்தாள். அப்படியானால் இந்தச் செடி தனக்குத் தானே போதும். தன் மகரந்தத்திலேயே விதை பிடிக்கும். ரோட்டோரச் செடிக்குத்தான் ஊர் முழுக்கத் துணை வேண்டும். ஒப்பீட்டில் இதைச் சேர்க்க வேண்டும்.

செப்டம்பர் 22

முன்ரூமைப் பெருக்கினேன். மெஷின் இருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாக இருக்கிறது. இடுக்கில் ஊக்கும் நூல்துண்டும் ஒரு கை வந்தது.

காலையில் வாசல் கதவைத் திறந்து வைத்தேன். சாயங்காலம் மூடினேன். சத்தம் இல்லாமல் வேலை பார்க்க முடிகிறது.

செப்டம்பர் 28

ஞாயிற்றுக்கிழமை, போன் வந்தது. "மாத்திரை போட்டீங்களா?" போட்டேன். "முட்டி வலி எப்படி?" இருக்கிறது. "செடி?" இருக்கிறது. வைத்துவிட்டேன்.

அக்டோபர் 7

பூக்கள் வாடிச் சுருங்கத் தொடங்கிவிட்டன. இதற்குள்ளே விதை பிடித்திருக்க வேண்டும். தொட்டுப் பார்க்கக் கை பரபரக்கிறது. பிஞ்சில் பிரித்தால் கெட்டுவிடும். பொறுக்க வேண்டும்.

கேஸ் தீர்ந்தது. சுவரில் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன். கொண்டுவந்த பையன் வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். உருட்டிக்கொண்டு போய் மாட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அக்டோபர் 13

யாரும் வரவில்லை.

அக்டோபர் 24

தீபாவளி கழிந்து பிலோமினா ஒரு தட்டு வர்க்கி கொண்டுவந்தாள். வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்றேன். தட்டை வைத்துவிட்டு நின்றபடியே பேசினாள்.

"முன்னெல்லாம் தினம் வருவே, இப்ப இந்தப் பக்கமே காணோமே" என்றேன்.

"சரோ இருந்தா வருவோம், டீச்சர். ரெண்டு பேச்சு, ஒரு டீ. இப்ப வந்து யாருகிட்டப் பேசறது?"

"நான் இல்லையா?"

"தப்பா நினைக்காதீங்க. 'எது இருக்கணுமோ அது போயிடுச்சு, எது போனாலும் பரவாயில்லையோ அது நிக்குது'ன்னு நீங்க கத்துனது எங்க அடுப்படிவரைக்கும் கேட்டுச்சு. அன்னைக்கு அந்தப் பொண்ணு எங்க வீட்டுக்குப் பின்னாடி நின்னு அழுதுச்சு பாருங்க. நான் தண்ணி குடுத்தேன். குடிக்கக்கூட இல்ல."

நான் வர்க்கித் தட்டைக் காலி செய்து கழுவிக் கொடுத்தேன்.

இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. சாலமனிடம் கொடுக்கும்போது இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட வேண்டும்.

நவம்பர் 2

போன். மாத்திரை, முட்டி, செடி. இன்றைக்கு நான் கேட்டேன், அங்கே மெஷின் போட இடம் இருக்கிறதா என்று. "ஒத்த ரூமும்மா. மெஷினைக் குடுத்துட்டேன். கம்பெனிலயே தைக்கப் போறேன். நாள் பூரா காலர் மட்டும்தான்."

பதினாறு வயதிலிருந்து மிதித்த மெஷின். சரி என்றேன். வேறு என்ன சொல்ல.

நவம்பர் 11

தலைகள் காய்ந்து வெடிக்கத் தொடங்கிவிட்டன. உள்ளிருந்து வெள்ளைப் பஞ்சு எட்டிப் பார்க்கிறது. ஒன்றும் காற்றில் போய்விடக் கூடாது என்று ஒவ்வொரு தலைக்கும் வலைத்துணி கட்டினேன். நித்திலாவின் பழைய துப்பட்டா. முட்டி போட்டு உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து. ஒரு தலையைக்கூட நான் பிரித்துப் பார்க்கவில்லை. சாலமன் வந்து அவர் கையால் பிரிக்கட்டும். எனக்குப் பயமாக இருக்கிறது என்றும் சொல்லலாம்.

நவம்பர் 16

சாலமன் வந்தார்.

வந்ததும் பின்பக்கம் போய்ப் பாத்தியை நின்று பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் அவள் மகள் மாதிரிதான். மேஜையில் வெள்ளைத் தாள் விரித்தேன். முதல் தலையைப் பிரித்தார். பஞ்சு குபுகுபுவென்று வந்தது. பஞ்சின் நுனியில் இருக்க வேண்டிய விதையை நகத்தால் அழுத்தினார். தட்டையாக மடங்கியது. உள்ளே ஒன்றுமில்லை.

"ஒண்ணு ரெண்டு இப்படித்தான் இருக்கும்" என்றார்.

அடுத்தது. அதற்கடுத்தது. செடி செடியாகப் போனோம். கடைசியில் அவர் பிரிப்பதை நிறுத்திவிட்டார். நான் நிறுத்தவில்லை. மிச்சத்தையெல்லாம் நான் பிரித்தேன். எல்லாம் பதர்.

"பூத்தப்ப தேனீ வந்துச்சா டீச்சர்?"

இல்லை என்றேன். இது தனக்குத் தானே விதை பிடிக்கும் என்று நினைத்ததைச் சொன்னேன்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார், இல்லை என்று. இந்தச் செடி தன் மகரந்தத்தை ஏற்காதாம். ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்கு யாராவது கொண்டுபோய்த் தர வேண்டும். இதுவோ கவிழ்ந்த பூ, வாசனையும் குறைவு, இதற்கென்று தேனீ தானாக வராது. "பக்கத்துல சாதாச் செடி கும்பலா இருக்கும். அதுக்கு வர்றதுதான் போற போக்குல இதையும் தொட்டுட்டுப் போகும். நித்திலா சொல்லுவா. மலையில இதைத் தேட மாட்டேன் சார், தேனீ மொய்க்கிற சாதாக் கும்பலைத் தேடுவேன், நடுவுல எங்கயாவது இது நிக்கும்னு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன். இங்க சுத்துவட்டத்துல சாதாச் செடியே இல்லையா?"

"பிடுங்கச் சொல்லிட்டேன். கலப்பு ஆயிடும்னு நீங்க..."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நாலு கூடவோ குறையவோ கலந்திருந்தாப் பிரிச்சு எடுத்திருக்கலாம். நான் விவரமாச் சொல்லியிருக்கணும், டீச்சர். என் தப்பு."

அவர் தப்பு இல்லை. செப்டம்பரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தேனீ வராததை நல்லது என்று எழுதியது நான்.

"இவ்வளவையும் யார் பிடுங்கினது?" என்று கேட்டார்.

"என் சின்னப் பொண்ணு."

"சரோஜாங்களா?" அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "நித்திலா வாயைத் திறந்தா சரோ, சரோதான். கேம்ப்ல அவ போடுற கோட்டு சரோ தச்சது. விதை கலந்திடக் கூடாதுன்னு உள்ளே தனித்தனிப் பை. எங்க பசங்க எல்லாம் அதே மாதிரி வேணும்னு கேட்டு..." பேசிக்கொண்டே தோள்பையிலிருந்து ஒரு சின்னத் துணிப்பையை எடுத்து மேஜையில் வைத்தார். கையடக்கம், வாயில் சுருக்குக் கயிறு, ஓரம் இரட்டைத் தையல். "இதுவும் அவங்க தச்சதுதான். நித்திலா எனக்குக் குடுத்தா. இந்த விதையை இதுல கொண்டுபோகணும்னு வச்சிருந்தேன்."

எனக்குத் தெரியாது. இந்த முன்ரூமில், என் காதுக்குப் பக்கத்தில், அந்த மெஷினில்தான் தைத்திருக்க வேண்டும். சத்தத்தை நிறுத்து என்றுகூட அன்றைக்குச் சொல்லியிருப்பேன்.

மத்தியானம் ரசம் சாதம் போட்டேன். சாலமன் சரியாகச் சாப்பிடவில்லை. பஸ்ஸுக்குப் போகும்போது பையை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார். மறந்துவிட்டாரா, வேண்டுமென்றேவா, கேட்கவில்லை.

நித்திலா இரண்டு தடவை செத்துப்போனாள். இரண்டாவது தடவை நான் கூடவே இருந்தேன்.

நவம்பர் 17

செடிகள் காய்ந்துவிட்டன. அது அதன் ஆயுசு.

நவம்பர் 20

பென்ஷன் ஆபீஸுக்குப் போய்விட்டு வரும்போது பஸ் ஒரு வளைவில் நின்றது. ரோட்டோரத்தில் அந்தச் செடி. இந்த வருஷம் முளைத்தது, தரையோடு படுத்த இலை. நான் இறங்கிவிட்டேன். கண்டக்டர், "பாட்டிம்மா, உங்க ஸ்டாப் இன்னும் வரல" என்று கூவினார். இதுதான் என்றேன்.

கையில் ஒன்றுமில்லை, வீட்டுச் சாவி மட்டும்தான். சாவியால் மண்ணைத் தோண்டினேன். ஆணிவேர், எளிதில் வருமா. இழுத்தேன். முக்கால்வாசி வந்தது, மிச்சம் அறுந்துவிட்டது. முந்தானையில் சுற்றிக்கொண்டு வீடுவரை நடந்தேன். காலியான பாத்தியில் சுவரோரம், பெரிய செடி நின்ற இடத்தில் நட்டேன்.

வலது ஆள்காட்டி விரலில் முள் உடைந்து உள்ளே நிற்கிறது.

நவம்பர் 23

விரல் வீங்கிவிட்டது. பேனாவைக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்து எழுதுகிறேன். உள்ளே நெருப்பு வைத்த மாதிரி விண்விண்ணென்று தெறிக்கிறது. சாதம் பிசைய முடியவில்லை, ஸ்பூனில் சாப்பிட்டேன். டம்ளரைப் பிடித்தாலே உயிர் போகிறது.

இன்று ஞாயிறு. போன் வரும்வரை காத்திருக்கவில்லை. நானே போட்டேன். நான் போடுவது இதுதான் முதல் தடவை போலிருக்கிறது.

"சரோஜா" என்றேன்.

"அம்மா? என்னாச்சும்மா? பேரைச் சொல்லிக் கூப்பிடுறீங்க, உடம்புக்கு ஏதாவதா?"

"ஒண்ணுமில்ல. விரல்ல முள் குத்திடுச்சு."

"எந்த முள்ளு? அக்கா செடியா?"

"அந்தச் செடியெல்லாம் போயிடுச்சு. விதை ஒண்ணுகூட இல்ல. எல்லாம் பதர்."

"அய்யோ, அம்மா." அழுதாள். அவள் அழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் ஒடிந்த தண்டைப் பற்றிச் சொல்லப்போகிறேன் என்று நினைத்திருப்பாள். "அன்னைக்கு நான் ஹோஸை இழுக்காம இருந்திருந்தா..."

"அதனால இல்ல. அதுல ஒண்ணும் இல்ல. நான்தான் தேனீயை விரட்டிட்டேன். உன்னை விட்டுப் பிடுங்கச் சொல்லி." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டேன். "இது ரோட்டோரத்து முள்ளு. ஒண்ணு கொண்டாந்து நட்டிருக்கேன்."

"அது எதுக்கும்மா? அதான் ஊர் பூரா இருக்கே."

எதற்கென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"உனக்கும் இப்படித்தான் வலிச்சுதா?"

"எப்பம்மா?"

"அன்னைக்கு. நீ பிடுங்கினப்ப."

அவளுக்குப் பின்னால் கம்பெனி மெஷின் சத்தமா, தெருச் சத்தமா, என்னவோ இரைந்துகொண்டிருந்தது.

"ஆமாம்மா. நல்லா வலிச்சுது" என்றாள். "நீங்க மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைச்சுக் கட்டுங்க. நாளைக்கு பிலோமினாக்காவைக் கூட்டிட்டு ஆஸ்பத்திரி போங்க, விட்டுறாதீங்க. நான் போன் பண்ணிச் சொல்றேன் அவங்ககிட்ட."

எப்போது வருவாய் என்று கேட்டேன். லீவு கேட்டால் சம்பளம் பிடிப்பார்கள், பொங்கலுக்குப் பார்க்கலாம் என்றாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. பார்க்கலாம் என்றுதான் சொன்னாள்.

டிசம்பர் 3

பிலோமினா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கீறி எடுத்துவிட்டார்கள். அரிசி மூக்கு அளவுகூட இல்லை அந்த முள்.

நட்ட செடி வாடிப் படுத்துவிட்டது. ஆணிவேர் அறுந்த செடியை இடம் மாற்றி வைத்தால் பிழைக்காது. வருஷா வருஷம் பிள்ளைகளுக்குப் போர்டில் எழுதிப்போட்டது நான்தான்.

ஹோஸை எடுக்கவில்லை. சொம்பில் மொண்டு, வேரோரம் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிவிட்டு வந்தேன்.